உப்பில் அரித்த லொறிச் செசியை வீட்டு வளவில் வெல்டிங் செய்து சீர்ப்படுத்துவது எப்படி?

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரங்களில் ஓடுகிற சிறிய லொறிகளிலும் கெப் வாகனங்களிலும் எஞ்சின் களைப்பதற்கு முன்பே செசி, அதாவது வண்டியின் சுமை தாங்குகிற இரும்புச் சட்டம், போய்விடுகிறது. வாழைச்சேனையிலோ ஒலுவிலிலோ மீன் ஏற்றுகிற வண்டியென்றால், ஐஸ் உருகி உப்போடு வடிகிற நீர் தட்டின் இடுக்குகளால் நேராகச் செசியின் மேல்தான் சொட்டுகிறது. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் நெல்லும் உரமும் ஏற்றுகிற வண்டிக்கு உப்பு வேறு வழியில் வருகிறது. கிழிந்த பையிலிருந்து சிந்துகிற எம்.ஓ.பி. உரம் பொட்டாசியம் குளோரைட்; கடலுப்பில் உள்ள, இரும்பை அரிக்கிற அதே குளோரைட்தான் அதிலும் இருக்கிறது. அதனால் கடலைக் காணாத வண்டிக்குக் கறள் பிடிக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் மறுபடி திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டியைக் கைவிட யாருக்கும் வசதியிருக்கவில்லை. சிறிய இன்வேட்டர் வெல்டிங் மெஷின்களும் இப்போது ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கின்றன. கேற் ஒட்டவும் கதிரைக் கால் ஒட்டவும் வாங்கியவர்கள் இப்போது வண்டியின் அடியைக் குனிந்து பார்க்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: செசி வேலையில் நெருப்பு எரிகிற நேரம் மிகக் குறைவு. எந்த இடத்தைத் தொடக்கூடாது, எவ்வளவு வெட்டி எறிவது, ஒட்டியபின் சட்டத்தின் உட்புறத்துக்கு என்ன பூசுவது என்பவைதான் அந்த வண்டி இரண்டு மாரி தாங்குமா, பத்து மாரி தாங்குமா என்பதைத் தீர்மானிக்கின்றன.

தட்டிப் பார்த்துத் தீர்மானித்தல்

வண்டியின் அடிப்புறத்தை நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். சேறும் பழைய தாரும் மூடியிருக்கும்போது எதையும் கணிக்க முடியாது. கரையோரக் கிணறுகள் சிலவற்றில் தண்ணீர் உவராக இருக்கும்; அதில் கழுவினால் இருக்கிற உப்போடு இன்னும் கொஞ்சம் சேரும். கடைசிக் கழுவலுக்காவது குழாய் நீரைப் பிடியுங்கள்.

பிறகு ஒரு சிறு சுத்தியலை எடுத்து, முன்னிருந்து பின்னாகச் சட்டம் முழுவதையும் அங்குலம் அங்குலமாகத் தட்டிச் செல்லுங்கள். நல்ல இரும்பு மணியோசை தரும், சுத்தியலைத் திருப்பி எறியும். அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும், செதில் செதிலாக உதிரும். சந்தேகமான இடங்களைச் சோக்கட்டியால் வட்டமிட்டு, கூரான ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திக் குத்துங்கள். உள்ளே போனால் அங்கே இரும்பு இல்லை. பெயின்டும் கறளும்தான் இருக்கின்றன.

கறள் எங்கே ஒளிந்திருக்கும் என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. பெட்டி வடிவச் சட்டத்தின் உள்ளே, கீழ்முகத்தில், சேறு அடைத்த வடிகால் துளைகளைச் சுற்றித்தான் அது தொடங்கும். வெளியே கொப்புளம் தெரிகிற நேரத்தில் உள்ளே பாதி போயிருக்கும். குறுக்குச் சட்டம் நீளச் சட்டத்தைச் சந்திக்கிற மூலை அடுத்த இடம். இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ரிவெட் அடித்த இடம் மூன்றாவது. கறளின் பருமன் அது தின்ற இரும்பின் பருமனைவிடப் பல மடங்கு அதிகம். தகடுகளுக்கிடையே அது வீங்கும்போது ரிவெட்டையே இழுத்து அறுத்துவிடும். கல்லடியில் 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலம் வாவியின் உப்புக் காற்றிலும் இத்தனை காலம் நின்றிருக்கிறது என்றால், அதன் உறுப்புகள் பெரும்பாலும் வெளியே திறந்து, தூரிகை எட்டும்படி இருப்பதும் ஒரு காரணம். லொறிச் செசிக்கு அந்த வசதி இல்லை.

மேலே செந்தூளாகத் தெரிவதெல்லாம் ஆபத்தல்ல. கம்பித் தூரிகையால் தேய்த்ததும் கீழே முழு இரும்பு தெரிந்தால் அதற்கு வெல்டிங் தேவையில்லை, பூச்சுப் போதும். நல்ல இடம் ஒன்றில் தடிப்பை வேர்னியர் அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அரித்த பகுதியில் மூன்று மில்லிமீற்றர் துளையொன்றைத் துளைத்து, நுனி வளைத்த கம்பியை விட்டு அங்கும் அளவெடுங்கள். கால்வாசிக்கு மேல் தேய்ந்திருந்தால் அந்தப் பகுதியை மாற்ற வேண்டிய இடமாகவே நான் கணக்கில் எடுப்பேன்.

நீங்கள் தொடக்கூடாத இடங்கள்

தனிச் செசி இல்லாத கார், வான், ஓட்டோ ஆகியவற்றை இந்த வழிகாட்டியில் சேர்க்கவில்லை. அவற்றின் உடலே சட்டம். தகடு ஒரு மில்லிமீற்றர் அளவில்தான் இருக்கும். புதிய கார்களில் அது வெப்பத்தால் பலம் கெடுகிற விசேட உருக்காகவும் இருக்கும். குச்சி வெல்டிங், அதாவது வெல்டிங் குச்சியை மின்சாரத்தால் உருக்கி ஒட்டுவது, அங்கே ஓட்டையை அடைக்காது, பெரிதாக்கும்.

தனிச் செசி உள்ள வண்டியிலும் ஸ்டியரிங் பெட்டி பூட்டிய இடம், ஸ்பிரிங் தொங்குகிற தாங்கிகள், எஞ்சின் தாங்கிகள் ஆகியவற்றைச் சுற்றி ஒரு சாண் தூரத்தைப் புதியவர் விட்டுவிட வேண்டும். அக்ஸில், ஸ்டியரிங் தண்டுகள், சஸ்பென்ஷன் கைகள் ஆகியவற்றை எவருமே ஒட்டக்கூடாது. அவை மாற்றவேண்டிய பாகங்கள். பெரிய லொறிகள் சிலவற்றின் செசி வெப்பப் பதனிட்ட உருக்கால் ஆனது. அவற்றில் வெல்டிங் செய்ய வேண்டாம், துளைக்க வேண்டாம் என்று தயாரிப்பாளரே ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார். அதைக் கண்டால் மெஷினை எடுக்கவே வேண்டாம்.

செசி இலக்கம் பொறித்த இடம் சட்டரீதியான எல்லை. அதைக் கிரைண்டரால் தேய்த்தாலோ மேலே தகடு வைத்து மூடினாலோ, பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிற அதிகாரிக்கு உங்கள் விளக்கம் எதுவும் எடுபடாது. அந்த இடமே அரித்துப்போயிருந்தால், கை வைப்பதற்கு முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டு, அவர்கள் சொல்கிறபடி நடப்பதே ஒரே வழி. லொறிக்கு வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கத் தகுதிச் சான்றிதழும் வேண்டும் என்பதால், வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து வைப்பது நல்லது. பூச்சுக்குள் மறைந்த பிறகு நல்ல வேலையும் கெட்ட வேலையும் ஒன்றுபோலவே தெரியும்.

அளவுக்கும் ஓர் எல்லை உண்டு. சட்டத்தின் நிற்கும் முகத்தில் உள்ளங்கையளவு ஓட்டை வீட்டு வேலை. ஓட்டை சட்டத்தின் உயரத்தில் மூன்றிலொரு பங்கைத் தாண்டினாலோ, மடிப்பு மூலையைக் கடந்து மேல்முகத்துக்கோ கீழ்முகத்துக்கோ போயிருந்தாலோ அது கராஜ் வேலை. சுமை வளைக்கும்போது அதிகமாக இழுபடுவதும் நசுங்குவதும் மேல், கீழ் முகங்கள்தான். நடுமுகம் அவற்றைப் பிரித்துப் பிடித்திருக்கிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் இனி வரப்போகிற விதிகள் பலவும் தானாகவே விளங்கும்.

மெஷினும் மின்சாரமும் குச்சியும்

காஸ் வைத்து வயர் ஓட்டுகிற மெஷின் அழகான வேலை தரும். ஆனால் நம் பக்கத்தில் பிற்பகல் கடற்காற்று எழும்பினால் அந்தக் காஸ் கலைந்துவிடும். வெல்டிங் நுரைத்துப் பொரியும். வெளியில், வளவில் வேலை செய்பவருக்குக் குச்சி வெல்டிங்தான் சரி. பழைய, எண்ணெய் நிரப்பிய பெரிய டிரான்ஸ்போமர் மெஷினை 30 அம்பியர் வீட்டு இணைப்பில் செருகினால் வீடு இருளும். இன்வேட்டர் மெஷின் அதே வேலைக்குக் குறைந்த மின்சாரம் எடுக்கிறது. பெட்டியில் 250, 300 என்று பெரிதாக அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். உங்களுக்குத் தேவை 70 முதல் 120 அம்பியர் வரை உறுதியாகத் தருகிற மெஷின். பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் ஓடலாம் என்ற விகிதமும் அதன் தகட்டில் எழுதியிருக்கும். நம் வெயிலில் அதைவிடச் சற்றுக் குறைவாகவே எதிர்பாருங்கள்.

நீட்டு வயர் 2.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயராக இருக்கட்டும். சுருளில் சுற்றியபடி பாவிக்காமல் முழுவதையும் விரித்துப் போடுங்கள்; சுற்றிய வயர் சூடேறி உருகும். வீட்டில் ட்ரிப் சுவிச் இல்லையென்றால் இந்த வேலையை அது பொருத்திய பிறகு தொடங்கலாம். டிரான்ஸ்போமரிலிருந்து தூரமான வீடுகளில் மாலை ஆறரைக்குப் பிறகு எல்லா வீட்டிலும் விளக்கும் விசிறியும் ஓடத் தொடங்க, வோல்ற்றேஜ் விழும், குச்சி ஒட்டிக்கொள்ளும். காலை எட்டு முதல் மதியம் வரையே நல்ல நேரம். காற்றும் அப்போது அடங்கியிருக்கும்.

குச்சி 6013 என்ற வகை. 2.5 மில்லிமீற்றர், அதாவது கடையில் 12 கேஜ் என்று கேட்பது, 60 முதல் 90 அம்பியருக்கு, 3.2 மில்லிமீற்றர், 10 கேஜ், 90 முதல் 130 வரைக்கு. சிறிய லொறிச் செசியின் மூன்று நான்கு மில்லிமீற்றர் தகட்டுக்குப் புதியவர் 2.5இலேயே நிற்கலாம். 7018 குச்சி உறுதியானது, கராஜில் உள்ளவர்கள் அதைத்தான் புகழ்வார்கள். ஆனால் ஈரம் ஏறிய 7018 வெல்டிங்கின் உள்ளே வெடிப்பை உண்டாக்கும். அதை உலர்த்த 300 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்குகிற அடுப்பு வேண்டும். மட்டக்களப்பு ஈரக்காற்றில் பக்கற்றைத் திறந்து வைத்துவிட்டு மறுநாள் எடுக்கிற ஒருவருக்கு அது பொருந்தாது. 6013ஐயும் மூடி இறுகிய தகர டின்னில்தான் வைக்க வேண்டும்.

கண், கை, வளவு

சாரமும் ரப்பர் செருப்புமாக, ஒரு கையால் கறுப்புக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஒட்டுகிறவர்களைத் தெருவுக்குத் தெரு பார்க்கிறோம். அவர்களுடைய கணுக்காலைப் பாருங்கள், தழும்பு தெரியும். முழங்கை மறைக்கிற பருத்திச் சட்டை, தடித்த ஜீன்ஸ், தோல் கையுறை, தோல் சப்பாத்து ஆகியவை கட்டாயம். நைலோன் கலந்த துணி உருகித் தோலோடு ஒட்டும். முகமூடி 10 அல்லது 11ஆம் இலக்கக் கண்ணாடியோடு இருக்க வேண்டும். தானாக இருள்கிற வகை கிடைத்தால் புதியவருக்கு அது பெரிய உதவி. எங்கே குச்சியை வைக்கிறோம் என்பது தெரியும். வெறும் கண்ணால் பார்த்ததன் வலி அப்போது தெரியாது. பல மணி நேரம் கழித்து, நள்ளிரவில், கண் உறுத்தி நீர் வடியத் தொடங்கும். அதற்குத் தாய்ப்பாலும் உருளைக்கிழங்குத் துண்டும் வைப்பதை விட்டு வைத்தியசாலைக்குப் போங்கள்.

வேலியோரம் ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்தால் அயல் வீட்டுப் பிள்ளைகளின் கண்ணும் தப்பும், கிடுகு வேலியும் தப்பும். கோடையில் காய்ந்த கிடுகுக்குக் கிரைண்டரின் ஒரு பொறி போதும். ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல், நனைத்த சாக்கு ஆகியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். எண்ணெய் பற்றினால் தண்ணீரை ஊற்றாமல் மணலைப் போடுங்கள். வேலை முடிந்து ஒரு மணி நேரம் யாராவது அங்கே இருக்க வேண்டும். இருக்கையின் ஸ்பொன்ஞ், தட்டின் பலகை, வயர்ச் சுற்று ஆகியவை உள்ளே புகைந்துகொண்டிருந்து பிறகுதான் எரியும். பெரிய தீக்காயமென்றால் 1990 அம்பியூலன்ஸ் இலக்கத்தை வீட்டிலுள்ளவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வண்டிக்கு அடியில் ஈரமண்ணில் படுத்து ஒட்டுவது மின்சாரத்துக்கு உடலைக் கொடுப்பதாகும். குச்சியைப் பிடிக்கிற ஹோல்டரில், ஒட்டாமல் சும்மா நிற்கும்போதும் 50 முதல் 90 வோல்ற் வரை இருக்கும். வியர்வையில் நனைந்த சட்டைக்கு அது போதும். உலர்ந்த பலகை மேல் படுங்கள், நனைந்த கையுறையை மாற்றுங்கள். மழை இருட்டினால் மெஷினை அணையுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரையான மாரியில் இந்த வேலையைத் தொடங்காமலே விடலாம்.

நாகம் (சிங்க்) பூசிய தகட்டையோ குழாயையோ ஒட்டினால் வெண்புகை எழும். அன்றிரவு காய்ச்சலும் நடுக்கமும் வரும். நாகத்தைத் தேய்த்து நீக்குங்கள், அல்லது வெறும் இரும்புத் தகடே வாங்குங்கள். பிறேக் கழுவுகிற ஸ்பிறே அடித்த இடத்தில் ஒட்டவே கூடாது. அதன் சில வகைகளில் உள்ள குளோரின் சேர்வை வெல்டிங் ஒளியில் நச்சு வாயுவாக மாறும்.

முதலில் உழவு இயந்திரப் பெட்டி

மெஷின் வாங்கிய கிழமையே செசியைத் தொடுவது அவசரம். பக்கத்தில் யாருடைய வளவிலாவது லேண்ட் மாஸ்டர் என்கிற இரு சக்கர உழவு இயந்திரத்தின் பெட்டி ஒன்று தட்டு அரித்து நிற்கும். அதை ஒட்டிக் கொடுங்கள். பெட்டி பிழைத்தால் அவருக்கு இலாபம். கை பழகினால் உங்களுக்கு. அதற்கும் முன் நான்கு மில்லிமீற்றர் துண்டுகள் இரண்டை எழுத்து ‘ட’ வடிவில் நிறுத்தி ஒரு பக்கம் மட்டும் ஒட்டி, ஆறவிட்டு, சுத்தியலால் அந்த ஒட்டின் மீதே மடித்துப் பாருங்கள். பிரிந்து வந்தால் பிரிந்த முகத்தைப் பாருங்கள். ஒரு தகட்டில் பழைய மினுக்கம் அப்படியே இருந்தால் இரும்பு உருகவில்லை. மேலே படிந்து மட்டும் இருந்திருக்கிறது. அம்பியரை ஐந்து கூட்டி மீண்டும் செய்யுங்கள். ஒட்டு விடாமல் தகடு வளையத் தொடங்கும் வரை இந்தப் பரீட்சையிலிருந்து மேலே போகக்கூடாது.

முறையாகப் பழக விரும்புகிற இளைஞர்களுக்கு மட்டக்களப்புத் தொழில்நுட்பக் கல்லூரியும் தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களும் இருக்கின்றன. நல்ல பாஸ், அதாவது கைதேர்ந்த கராஜ் வேலைக்காரர், ஒருவரின் அருகில் நின்று பார்த்துக் கேட்பதும் அதற்குக் குறைந்த படிப்பல்ல. என்ன, அவர் வாய் திறந்து சொல்லமாட்டார், கையைத்தான் பார்க்க வேண்டும்.

வண்டியைத் தயார் செய்தல்

சுமையை முழுவதும் இறக்குங்கள். சமதரையில் நிறுத்தி, சட்டத்தின் நான்கு மூலைகளில் நிலையான புள்ளிகளைத் தேர்ந்து, மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவும் எடுத்து எழுதி வையுங்கள். வேலை முடிந்த பின் இந்த இரண்டு இலக்கங்களும்தான் செசி கோணிவிட்டதா என்று சொல்லும். பிறகு ஸ்டாண்டுகளை வெட்டப்போகிற இடத்துக்கு இரு பக்கமும் கிட்ட வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பி எவரும் அடியில் நுழைய வேண்டாம். செங்கல், சீமெந்துக் கல் ஆகியவற்றின் மேல் வண்டியை நிறுத்துவதும் கூடாது. அவை எச்சரிக்கையில்லாமல் நொருங்கும்.

பற்றறியின் இரண்டு வயரையும் கழற்றிப் பற்றறியை இறக்குங்கள். கணினிப் பெட்டி உள்ள வண்டியில் அதன் இணைப்பையும் கழற்றுங்கள். எரிபொருள் தாங்கி பக்கத்தில் இருந்தால் அதைக் கழற்றி வளவின் மறுகோடிக்குக் கொண்டுபோங்கள். வெறும் தாங்கி நிறைந்த தாங்கியைவிட ஆபத்தானது, வெடிப்பது ஆவிதான். எரிபொருள் குழாய், பிறேக் குழாய், வயர்க்கட்டு ஆகியவற்றை அவிழ்த்து ஒதுக்கிக் கட்டி, நனைத்த சாக்கால் மூடுங்கள். தட்டைக் கழற்ற முடியுமானால் கழற்றுங்கள். நான்கு போல்ட்டுக்குச் சோம்பிப் படுத்தபடி தலைக்கு மேல் ஒட்டுகிற புதியவரின் வேலை ஒருநாளும் நேராக வராது. உருகிய இரும்பும் சட்டைக்குள்தான் விழும்.

வெல்டிங் மெஷினின் ஏர்த் கிளிப், ஒட்டுகிற இடத்துக்கு ஒரு முழத்துக்குள், மினுங்கத் தேய்த்த இரும்பில் இருக்க வேண்டும். வண்டியின் வேறெங்கோ மாட்டினால் மின்சாரம் பெயரிங்குகளுக்கு ஊடாகப் பாய்ந்து அவற்றின் உருளைகளைச் சுட்டுவிடும். பிறகு மாதக்கணக்கில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டியதுதான்.

வெட்டுவதில் கஞ்சத்தனம் வேண்டாம்

கறள் மேல் வெல்டிங் நிற்காது. அரித்த இடத்தின் ஓரத்தில் நிறுத்தாமல், தடிப்புக் குறையாத இரும்பு தொடங்குகிற இடத்திலிருந்து இன்னும் இரண்டு சென்றிமீற்றர் உள்ளே போய் வெட்டுங்கள். ஓட்டை நாணயமளவாகத் தெரிந்து, வெட்டி முடியும்போது உள்ளங்கையளவாகிவிடும். அதுதான் வழக்கம், பயப்பட வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு சட்டத்தில் ஓர் இடம் மட்டும். இரண்டு பக்கச் சட்டங்களையும் ஒன்றாகத் திறந்து வைத்தால் செசி தன் விருப்பத்துக்குச் சாயும்.

கிரைண்டரின் மறைப்பைக் கழற்றாதீர்கள். வெட்டுகிற டிஸ்கால் தேய்க்காதீர்கள். பக்கவாட்டு அழுத்தத்தில் அது உடைந்து முகத்துக்கு வரும். டிஸ்கின் நடுவளையத்தில் காலாவதித் திகதி அச்சிட்டிருப்பதைப் பலர் பார்த்ததேயில்லை.

வெட்டிய ஓட்டைக்கு மூலைகள் இருக்கக்கூடாது, வளைவாக்குங்கள். கூர்மூலை வெடிப்பின் பிறப்பிடம். அட்டையை வைத்து வடிவெடுத்து, அதே தடிப்பான வெறும் இரும்புத் தகட்டில் வெட்டுங்கள். “பலமாக இருக்கட்டும்” என்று எட்டு மில்லிமீற்றர் தகடு கேட்கிறவர்கள் உண்டு. செசி வளைந்து நிமிர்ந்து சுமை தாங்குகிற பொருள். நடுவில் ஓர் இடம் மட்டும் வளைய மறுத்தால், அந்தத் தகடு முடிகிற விளிம்பில் சில மாதங்களில் வெடிக்கும். துண்டைச் சுற்றிலும் இரண்டு மில்லிமீற்றர் இடைவெளி இருக்கட்டும். தகடு மூன்று மில்லிமீற்றருக்கு மேலென்றால் விளிம்புகளைச் சாய்வாகத் தேய்த்து ‘வி’ வடிவம் கொடுங்கள். ஓட்டையின் உட்புறத்திலும் எட்டிய மட்டும் கறளைச் சுரண்டி எடுங்கள். இந்த வாய்ப்பு பிறகு கிடைக்காது.

மேலே ஒரு தகட்டைப் போர்த்தி ஒட்டுவது எளிதுதான். ஆனால் இரண்டு தகடுகளுக்கும் நடுவே உப்புநீர் குடியேறும். வேறு வழியில்லாமல் போர்த்தினால், தகட்டின் முனைகளைச் செங்குத்தாக வெட்டாமல் சாய்வாக, நீள்வைர வடிவில் வெட்டுங்கள். சட்டத்துக்குக் குறுக்கே நேர்கோடாக ஒரு வெல்டிங் ஓடினால் அந்தக் கோட்டிலேயே செசி ஒடியும். மேல், கீழ் மடிப்புகளின் விளிம்பில் வெல்டிங்கைத் தொடங்கவோ முடிக்கவோ கூடாது. அரிப்பு இல்லாமல் வெடிப்பு மட்டும் இருந்தால், வெடிப்பின் நுனி முடிகிற இடத்துக்குச் சற்று அப்பால் மூன்று நான்கு மில்லிமீற்றர் துளை போட்டு அதன் ஓட்டத்தை நிறுத்திய பிறகே தேய்த்து ஒட்ட வேண்டும்.

ஒட்டுதல்

துண்டை ஜீ கிளாம்ப்பாலோ காந்தத்தாலோ நிறுத்தி, எதிரெதிர்ப் பக்கங்களில் மாறி மாறிப் புள்ளி ஒட்டு வையுங்கள். தூரம் நின்று பாருங்கள். நேராக இல்லையென்றால் இப்போதே தட்டி எடுத்துவிடலாம்.

குச்சியை ஓட்டுகிற திசைக்குச் சற்றுச் சாய்த்து, நுனிக்கும் இரும்புக்கும் இடையே குச்சியின் தடிப்பளவு தூரத்தைக் காத்து இழுத்துச் செல்லுங்கள். சரியான அம்பியரும் தூரமும் அமைந்தால் கொதிக்கும் எண்ணெயில் அப்பளம் பொரிகிற ஓசை சீராக வரும். வெடித்து வெடித்துக் கேட்டால் தூரம் அதிகம். குச்சி ஒட்டிக்கொண்டால் தூரமோ அம்பியரோ குறைவு. ஒளியைப் பார்க்காமல் அதன் பின்னால் உருகி நிற்கிற குளத்தைப் பாருங்கள். குளத்தின் இரு கரையும் இரு தகட்டையும் தொட வேண்டும். நிமிர்ந்த முகத்தில் கீழிருந்து மேலாக ஒட்டுங்கள். மேலிருந்து கீழாக வருவது அழகாகத் தெரியும், ஆனால் ஆழம் போகாது.

ஒரு தடவைக்கு மூன்று நான்கு சென்றிமீற்றர். பிறகு எதிர்ப் பக்கத்தில் அதேயளவு. கை பொறுக்கிற சூட்டுக்கு வரும்வரை காத்திருங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்றாதீர்கள். இரும்பு கடினமாகி நொய்மையாகும். தேநீர் குடிப்பதற்கு இந்த வேலை நிறைய நேரம் தரும். அடுத்த ஒட்டைத் தொடங்குமுன், முன்னைய ஒட்டின் மேல் இறுகிப் படிந்த கசடைச் சுத்தியலால் தட்டி, கம்பித் தூரிகையால் முழுவதும் நீக்குங்கள். கசடின் மேல் ஓட்டிய இரண்டாம் அடுக்குக்குள் பொந்து இருக்கும். கசடு தட்டும்போது முகமூடியைத் தூக்கிவிட்டுக் கண்ணாடியில்லாமல் குனிகிறவர்கள்தான் கண்ணில் துகளோடு வைத்தியசாலைக்குப் போகிறார்கள். முகமூடிக்குள் சாதாரணக் கண்ணாடி ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

முடிந்ததும் கிரைண்டரால் வழித்து மட்டமாக்க கை துடிக்கும். துருத்தி நிற்கிற மேடுகளை மட்டும் மெல்ல எடுங்கள். வழவழப்பாகும்வரை தேய்த்தால் ஒட்டின் தடிப்பையே எடுத்துவிடுவீர்கள்.

பொந்து இருக்கிறதா என்று பார்க்கப் பழைய வழி ஒன்று உண்டு. நன்றாக ஆறிய பிறகு ஒரு பக்கத்தில் சோக்கட்டியைத் தடித்துப் பூசி, மறு பக்கத்தில் மண்ணெண்ணெய் தடவி அரை மணி நேரம் விடுங்கள். ஊடுருவி வந்தால் வெண்மையில் ஈரப்புள்ளி தெரியும். அந்த இடத்தைத் தேய்த்துத் திறந்து மறுபடி ஒட்ட வேண்டும். அதற்கு முன் மண்ணெண்ணெயைக் கழுவித் துடைத்து, முழுதாகக் காயவிடுங்கள். பெட்டிச் சட்டத்துக்கு உட்பக்கம் கை எட்டாது என்பதால் அங்கே கண்ணும் சுத்தியல் ஓசையும்தான் சாட்சி.

குறுக்களவு இரண்டையும் மறுபடி எடுத்து, எழுதி வைத்ததோடு ஒப்பிடுங்கள்.

பூச்சு

வெல்டிங் சூடு சட்டத்தின் உட்புறப் பெயின்டை எரித்துவிட்டது. வெளியே எத்தனை அடுக்குப் பூசினாலும், உள்ளே வெறுமையாக விட்ட இரும்பு அடுத்த மாரிக்கே அரிக்கத் தொடங்கும். வீட்டு வேலைகளில் அநேகம் இந்த இடத்தில்தான் தோற்கிறது.

வெளிப்புறத்தைக் குழாய் நீரால் கழுவி, வெயிலில் காயவைத்து, தேய்த்து எட்டாத குழிகளில் மட்டும் பொஸ்போரிக் அமிலம் கலந்த கறள் மாற்றியைப் பூசலாம். அன்றைக்கே சிங்க் பிறைமர் இரண்டு அடுக்கு. இரவு வெறுமையாக விட்டால் காலையில் மெல்லிய செம்மை படர்ந்திருக்கும், நம் காற்று அப்படி. அதன் மேல் எபொக்சி அல்லது நல்ல எனாமல். தாரை அப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. தார் காய்ந்து வெடித்ததும் நீர் அதற்குள் போய்த் தங்கும். கறள் மூடியின் கீழே நிம்மதியாக வேலை செய்யும், நீங்கள் பார்க்கவும் முடியாது.

உட்புறத்துக்கு மெழுகு வகைப் பூச்சுதான் சிறந்தது. மெல்லிய குழாய் மாட்டிய ஸ்பிறேயால் வடிகால் துளை வழியாக, எல்லாப் பக்கமும் படும்படி அடியுங்கள். அது கிடைக்காவிட்டால் இளக்கிய கிறீஸ் பரவாயில்லை. பாவித்துக் கழித்த எஞ்சின் ஒயிலை டீசலோடு கலந்து அடிப்பது நம்மூரில் பழக்கம். மலிவுதான், ஆனால் அது ரப்பர் புஷ்களைக் கெடுக்கும், தோலுக்குக் கேடு, வடிந்து மண்ணுக்கும் கிணற்றுக்கும் போகும். அடுத்த முறை ஒட்டும்போது தீயும் பிடிக்கும். கடைசியாக, வடிகால் துளைகள் எல்லாவற்றையும் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். புதுத் தகடு ஒரு துளையை மூடியிருந்தால் அதே இடத்தில் புதுத் துளை போடுங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

பற்றறி, குழாய்கள், வயர்கள் எல்லாம் பூட்டியபின் பிறேக்கை நின்ற இடத்திலேயே பலமுறை மிதித்துக் கசிவு பாருங்கள். முதல் ஓட்டம் வெறும் வண்டியோடு, கிராமத்து வீதியில், மெதுவாக. கைவிட்டால் ஒரு பக்கம் இழுக்கிறதா, பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தில் வருகிறதா என்று ஈர மணலில் ஓட்டிப் பார்த்தால் தெரியும்.

அடுத்தது பாதிச் சுமை. இறக்கிய பிறகு ஒட்டின் முனைகளை, குறிப்பாகத் தகடு முடிகிற மூலைகளை, டோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள். பெயின்டில் மயிரிழையளவு கோடு தெரிந்தால் அது பெயின்டின் கோடா, இரும்பின் கோடா என்பதைச் சுரண்டிப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். முழுச் சுமையோடு சில தடவை ஓடிய பின்னும், மாரி முடிந்த பின்னும் இதே சோதனையைச் செய்யுங்கள். இரும்பிலேயே வெடிப்பு ஓடியிருந்தால் அதன் மேல் இன்னொரு வெல்டிங் போட்டு மறைக்காதீர்கள். சுமையை இறக்கி, வண்டியை அங்கேயே நிறுத்தி, செசி வேலை தெரிந்த கராஜ் ஒன்றின் பாஸை வண்டி நிற்கிற இடத்துக்கே வரச்சொல்லுங்கள்.